தோற்றாரைத் துரத்தாத போட்டி

ஒருவன் தன் தொழிலைச் செய்யும் முறையைக் கொண்டு அவன் திறமையை அளக்கலாம்; தன் ஓய்வைக் கழிக்கும் முறையைக் கொண்டு அவன் பண்பை அளக்கலாம். ஓய்வைப் பயனுறக் கழித்தற்கு விளையாட்டு ஒரு நல்வழி. ஆயினும் விளையாட்டுப் போட்டிகள் பலவற்றில் ஒரு குறை உண்டு. முதலாட்டத்திலே தோற்றவன் அப்பொழுதே வெளியேற வேண்டும். விடியற்காலையில் எழுந்து, கோயிலிலே கும்பிட்டு, தாய் தந்தையரின் வாழ்த்துடன் போட்டிக்குச் சென்ற மாணவன் பத்து மணிக்கு முன்னரே வீடு திரும்பி விடுகின்றான். அவன் கற்றது யாது? தான் தோற்றான் என்பது ஒன்றே. ஏன் தோற்றான், தன்னை ஒத்தாருடன் ஆடியிருந்தால் எவ்வாறு ஆடியிருப்பான் என்பவற்றை அறிய அவனுக்கு வாய்ப்பில்லை.

இக்குறை இல்லாத போட்டி முறை ஒன்று சதுரங்க உலகிலே நூற்றாண்டுக்கு மேலாக வழங்கி வருகின்றது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் மாகாண நகரங்கள் பலவற்றில் வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு மாலை முடியும் வாரவிறுதிப் போட்டிகள் இம்முறைப்படி நிகழ்கின்றன. அவற்றிலே ஆற்றல் குறைந்தோர்க்கெனத் தனிப் பிரிவுகள் உண்டு. பேராசான்களின் ஆட்டங்களைப் பத்திரிகைகள் போற்றி எழுதுகின்றன; இச்சிறு பிரிவுகளைப் பற்றி எழுதுவார் சிலரே. எனினும், இச்சிறு பிரிவுகளே போட்டியின் உயிர்நிலை என்பதும், அவற்றில் ஆடுவோன் பெறும் தலையாய பயன் பரிசன்று, தன்னை உள்ளவாறு அறிதலே என்பதும் எமது துணிபு. இதனை ஒருவாறு ஆராய்வாம்.

ஆட்டமும் அதன் இரு வழிகளும்

சதுரங்கம் என்னும் சொல்லுக்கு நான்கு உறுப்பு என்பது பொருள். தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நாற்படையையே அது குறித்தது. இந்தியாவிலே தோன்றிய இவ்வாட்டம் பாரசீகம் சென்று, அராபியர் வாயிலாக ஐரோப்பாவை அடைந்தது. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியிலே அரசிக்கும் மந்திரிக்கும் இன்றுள்ள நெடுநடை அளிக்கப்பட்டது. அறுபத்து நான்கு கட்டங்கள், முப்பத்திரண்டு காய்கள் என்னும் இவ்வளவே கருவி. ஆடுகளமோ, உடல் வலிமையோ, பெருஞ் செல்வமோ வேண்டுவதில்லை.

இவ்வாட்டத்தின் போட்டி வரலாற்றிலே 1895 ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டின் ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் இங்கிலாந்தின் தென்கரை நகரான ஹேஸ்டிங்ஸிலே இருபத்திரண்டு பேராசான்கள் கூடினர். ஒவ்வொருவரும் ஏனைய அனைவருடனும் ஆடினர். ஒருவருக்கு இருபத்தோர் ஆட்டம். மொத்தம் 231 ஆட்டங்கள். இளைஞரான அமெரிக்கர் பில்ஸ்பரி, உலக வீரராயிருந்த லாஸ்கரும் முன்னாள் உலக வீரரான ஸ்ரைனிற்ஸும் ஆடிய அப்போட்டியில் முதலிடம் பெற்றார். சதுரங்க நூல்கள் யாவும் அதனைப் புகழ்ந்து பேசும்.

அதே 1895 ஆம் ஆண்டிலே சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் மற்றொரு போட்டி நிகழ்ந்தது. யூலியஸ் முல்லர் என்பார் வகுத்த புதுமுறை முதன்முதலாக அங்கே கையாளப்பட்டது. அதுவே பின்னர் சுவிஸ் முறை எனப் பெயர் பெற்றது. ஹேஸ்டிங்ஸில் ஆடியோரின் புகழை அதில் ஆடியோர் பெற்றிலர். ஆயினும் இன்று உலகெங்கும் சாதாரண மக்கள் ஆடும் போட்டிகளிற் பெரும்பாலானவை ஹேஸ்டிங்ஸின் வழியில் அல்ல, சூரிச்சின் வழியிலேயே நடைபெறுகின்றன. அதற்குக் காரணம் கணக்கிலே இருக்கின்றது.

சுவிஸ் முறையின் கணக்கு

முப்பத்திரண்டு பேர் ஒரு போட்டிக்கு வந்தனர் எனக் கொள்வோம். அனைவரும் அனைவருடனும் ஆடுவதாயின் முப்பத்தொரு சுற்றுக்களும் 496 ஆட்டங்களும் வேண்டும். தொழில் புரிவோருக்கும் பள்ளி மாணவருக்கும் இது இயலாது. தோற்றவர் விலகும் முறையைக் கொண்டால் ஐந்து சுற்றுக்களில் முப்பத்தோர் ஆட்டங்களுடன் முடிந்துவிடும்; ஆனால், முதற் சுற்றிலேயே பதினாறு பேர் வீடு செல்வர். சுவிஸ் முறையில் ஐந்து சுற்றுக்கள், எண்பது ஆட்டங்கள், முதலாட்டத்தில் வென்றவரும் தோற்றவரும் கடைசி வரை ஆடுவர்.

இதன் விதிகள் சிலவே. வெற்றிக்கு ஒரு புள்ளி. சமநிலைக்கு அரைப் புள்ளி. ஒவ்வொரு சுற்றிலும் இயன்றவரை ஒத்த புள்ளி பெற்றோரையே சோடி சேர்த்தல் வேண்டும். ஒரு முறை ஆடிய இருவரை அப்போட்டியில் மறுமுறை சேர்த்தல் கூடாது. வெள்ளைக் காய்களும் கறுப்புக் காய்களும் ஒருவருக்கு மாறி மாறி வருமாறு பார்த்துக்கொள்ளல் வேண்டும். எண்ணிக்கை ஒற்றையாயின் சோடியின்றி எஞ்சும் ஒருவருக்கு அச்சுற்றில் ஒரு புள்ளி வழங்கப்படும். முதற் சுற்றிலே எவருக்கும் புள்ளி இல்லையாதலால், ஆற்றல் வரிசையில் மேற்பாதியினரைக் கீழ்ப்பாதியினருடன் சேர்ப்பர். முதலாமவர் பதினேழாமவருடனும், இரண்டாமவர் பதினெட்டாமவருடனும் இவ்வாறே ஆடுவர்.

இதன் பின் நிகழ்வதே வியப்பு. முதற் சுற்றில் தோற்ற பதினாறு பேரும் தம்முள் ஆடுகின்றனர். இரண்டு சுற்றுக்கள் முடிந்ததும், சமநிலைகள் இல்லையெனின், எண்மர் இரண்டு புள்ளியும், பதினறுவர் ஒரு புள்ளியும், எண்மர் புள்ளியின்றியும் நிற்பர். ஐந்து சுற்றுக்களும் முடிந்தபின் ஐந்து புள்ளி பெற்றவர் ஒருவர். நான்கு பெற்றோர் ஐவர். மூன்று பெற்றோர் பதின்மர். இரண்டு பெற்றோர் பதின்மர். ஒன்று பெற்றோர் ஐவர். ஒன்றும் பெறாதவர் ஒருவர். முப்பத்திருவருள் இருபதின்மர் இரண்டு அல்லது மூன்று புள்ளி பெற்று நடுவிலே நிற்பதை நோக்குக. அனைத்திலும் வெல்பவனும் ஒருவனே. அனைத்திலும் தோற்பவனும் ஒருவனே. ஏனையோர் யாவரும் வெற்றி தோல்வி இரண்டையும் சுவைத்தே வீடு செல்வர். வென்றவனுக்குக் கடினமான எதிரியையும் தோற்றவனுக்கு எளிதான எதிரியையும் இம்முறை தானாகவே தேடித் தருகின்றது. சுற்றுக்கள் செல்லச் செல்ல, ஒருவன் முன்னே வந்து அமர்பவன் அவனுக்கு நிகரானவனாகவே இருப்பான்.

புள்ளி ஒத்தோரை வரிசைப்படுத்தவும் ஒரு வழி உண்டு. 1932 ஆம் ஆண்டில் புரூனோ புக்ஹோல்ஸ் என்பார் வகுத்த அவ்வழிப்படி, ஒருவரின் எதிரிகள் அனைவரும் அப்போட்டியிற் பெற்ற புள்ளிகளைக் கூட்டுவர். வலியாரோடு பொருது பெற்ற மூன்று புள்ளி, மெலியாரோடு பொருது பெற்ற மூன்று புள்ளியினும் உயர்ந்தது என்பது இதன் கருத்து.

மூன்று நாளின் நடைமுறை

ஆங்கில நாட்டு வாரவிறுதிப் போட்டி ஒன்றின் நடைமுறையை ஈண்டுக் கூறுதல் பொருந்தும். பள்ளி மண்டபமோ, ஆலய மண்டபமோ, விடுதியின் பெரிய அறையோ ஆடுமிடமாகும். வலிமை மிக்கோர் ஆடும் பிரிவிலே எவரும் சேரலாம். அதன் கீழே மேஜர், இன்ரமீடியற், மைனர் முதலிய பெயர்களுடன் பிரிவுகள் அமைந்திருக்கும். ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் உச்ச எல்லை உண்டு. அவ்வெல்லைக்கு மேற்பட்டோர் அப்பிரிவிற் சேர இயலாது. வேலை முடிந்து வருவோருக்கு வசதியாக வெள்ளி மாலை முதற் சுற்று; சனியன்று இரண்டு; ஞாயிறன்று இரண்டு. வெள்ளி வர இயலாதவர் முன்கூட்டியே அறிவித்து அச்சுற்றுக்கு அரைப் புள்ளி பெறுவதும் உண்டு.

ஒவ்வொரு மேசையிலும் பலகை, காய்கள், இருமுகக் கடிகாரம், நகர்த்தல்களைப் பதியும் தாள் என்பன இருக்கும். ஒருவர் தம் காயை நகர்த்தியதும் கடிகாரத்தை அழுத்துவார். அவர் நேரம் நிற்க, எதிரியின் நேரம் ஓடத் தொடங்கும். ஒருவருக்கு ஒன்றரை மணித்தியாலம் அளித்து, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சில விநாடிகளைக் கூட்டிக் கொடுப்பது இன்று பெருவழக்கு. இவ்வாறு நேரம் கூட்டும் கடிகாரத்துக்கு 1989 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே காப்புரிமை பெற்றவர் முன்னாள் உலக வீரர் பொபி பிஷர் ஆவர்.

தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும் என்பது தலையாய விதி. எதிரியின் காயைத் தொட்டால், இயலுமாயின், அதனை வெட்டியே ஆகவேண்டும். பலகையிற் சாய்ந்து நிற்கும் காயை நேர்செய்ய விரும்புபவர் அதனை முதலிற் சொல்லிவிட்டே தொடலாம். பிணக்கு நேரின் நடுவர் தீர்ப்பார். ஆயினும் நூறு பேர் ஆடும் மண்டபத்தில் நடுவர் ஓரிருவரே இருப்பர். எல்லாப் பலகைகளையும் அவர் கண்கள் எட்டுமா? ஆகவே விதியைக் காப்பது ஈற்றில் ஆடுவோரின் மனச்சான்றே.

ஆட்டம் முடிந்ததும் இருவரும் கைகுலுக்கிக்கொண்டு வேறோர் அறைக்குச் செல்வர். அங்கே தேநீர்க் கோப்பையுடன் அமர்ந்து, ஆடிய ஆட்டத்தை முதலிலிருந்து மீண்டும் நகர்த்தி ஆராய்வர். சற்று முன் பகைவராயிருந்தோர் இப்பொழுது ஒருவருக்கொருவர் ஆசிரியராகின்றனர். இப்போட்டிகளின் உண்மையான வகுப்பறை அவ்வறையே.

எண்ணும் அதன் பொருளும்

பிரிவுகளை வகுப்பதற்கு ஆடுவோரின் ஆற்றலை எண்ணால் அளக்க வேண்டும். அமெரிக்காவிலே சுவிஸ் முறையைப் பரப்பிய கெனத் ஹார்க்னெஸ் 1950 ஆம் ஆண்டில் ஒரு தர எண் முறையை நடைமுறைப்படுத்தினார். இங்கிலாந்திலே ரிச்சர்ட் கிளார்க் 1950களில் வகுத்த முறை நெடுங்காலம் வழங்கி வந்தது. அந்நாட்டார் 2020 ஆம் ஆண்டிலேயே நான்கு இலக்க எண்களுக்கு மாறினர். இன்று உலகம் முழுதும் வழங்கும் முறை ஆர்பட் எலோ என்பாருடையது. 1903 ஆம் ஆண்டில் ஹங்கேரியிற் பிறந்து, அமெரிக்காவிற் குடியேறிய இவர் மில்வாக்கி நகரத்துப் பல்கலைக்கழகத்திலே பௌதிகம் கற்பித்தவர். உலக வீரர் அல்லர். தம் மாநிலமாகிய விஸ்கொன்சினின் போட்டியில் எட்டு முறை வென்ற மாகாண ஆட்டக்காரர். அவர் முறையை அமெரிக்கச் சம்மேளனம் 1960 இலும், உலகச் சம்மேளனம் 1970 இலும் ஏற்றன.

அம்முறையின் உட்கருத்து எளிது. இருவர் எண்களுக்கிடையே உள்ள வேறுபாடு, அவர்கள் ஆடினால் எதிர்பார்க்கத்தக்க பயனைச் சுட்டுகின்றது. எண்கள் ஒத்தனவாயின் ஒருவர் ஆட்டமொன்றுக்கு அரைப் புள்ளி எதிர்பார்க்கலாம். வேறுபாடு 100 ஆயின் மேலவர் 0.64 புள்ளியும், 200 ஆயின் 0.76 புள்ளியும், 400 ஆயின் ஏறக்குறைய 0.91 புள்ளியும் எதிர்பார்க்கலாம். எதிர்பார்த்ததினும் மிகுதியாகப் பெற்றால் எண் உயரும். குறையப் பெற்றால் இறங்கும்.

ஓர் உதாரணம் காட்டுவாம். 1400 எண்ணுடையவர் 1600 எண்ணுடையவருடன் ஆடுகின்றார். அவர் எதிர்பார்க்கத்தக்கது 0.24 புள்ளி. உலகச் சம்மேளனத்தின் விதிப்படி வளர்ந்தோர் பலருக்கும் வழங்கும் பெருக்கெண் 20. அவர் வென்றால் எஞ்சிய 0.76 ஐ 20 ஆற் பெருக்க வரும் 15.2 அவர் எண்ணிற் கூடும். சமநிலையாயின் 5.2 கூடும். தோற்றால் 4.8 மட்டுமே குறையும். வலியாரை எதிர்ப்பதில் மெலியார் இழப்பது சிறிது, பெறுவது பெரிது என்னும் உண்மையை இக்கணக்கு எண்ணிலே காட்டுகின்றது. பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கும் புதியோருக்கும் பெருக்கெண் 40 ஆகும். வளரும் பிள்ளையின் எண் விரைந்து மாறவேண்டும் என்பதே நோக்கம்.

அமெரிக்காவிலே 200 எண்களுக்கு ஒரு வகுப்பாக வகுத்துள்ளனர். 1800 முதல் 1999 வரை முதல் வகுப்பு, 1600 முதல் 1799 வரை இரண்டாம் வகுப்பு, இவ்வாறே கீழிறங்கும். உலகச் சம்மேளனத்தின் பட்டியலோ தொடக்கத்தில் வல்லுநர்க்கே உரியதாயிருந்தது. பின்னர்ப் படிப்படியாக அதன் கீழெல்லை 1000 வரை இறக்கப்பட்டு, 2024 ஆம் ஆண்டில் 1400 ஆக உயர்த்தப்பட்டது.

இவ்வெண் குலமுமன்று, பட்டமுமன்று. பிறப்பால் வந்ததுமன்று, என்றும் நிலைப்பதுமன்று. வைத்தியர் நாடி பார்த்துக் கூறும் எண்ணைப் போன்றது அது. இன்றைய நிலையைக் கூறுமேயன்றி, நாளைய நிலையை விதியாது.

கீழ்ப்பிரிவு கற்பிப்பவை

கீழ்ப்பிரிவுகளின் ஆட்டங்களை நோக்குவோர் ஒன்றைத் தெளிவாகக் காண்பர். அங்கே வெற்றி தோல்விகளைத் தீர்ப்பது நுண்ணிய சூழ்ச்சியன்று; கவனக்குறைவே. காப்பற்ற குதிரை வெட்டுண்கின்றது. அரசிக்கு நேர்ந்த அபாயம் காணப்படாது போகின்றது. ஆகவே அப்பிரிவில் ஆடுவோன் தொடக்க நகர்த்தல்களைப் பற்றிய தடித்த நூல்களை மனனம் செய்வதாற் பெரும் பயன் அடையான். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முன் இரண்டு வினாக்களைத் தன்னிடம் கேட்பானாயின் அதுவே போதும். எதிரி இப்பொழுது இவ்வாறு நகர்த்தியது எதற்காக? யான் எண்ணியவாறு நகர்த்தினால் அவன் எதனை வெட்டக்கூடும்? இவ்வினாக்களைத் தவறாது கேட்கும் பழக்கம் வாய்த்தவன் மிக விரைவில் முன்னேறுவான்.

இரண்டாவது பாடம், பெற்ற மேன்மையைப் பேணுதல். ஒரு காய் மிகுதியாக உடையவன் ஏனைய காய்களை ஒன்றுக்கொன்றாக மாற்றிக் குறைத்துக்கொள்ளுதல் பொதுவாக நன்று. களத்திற் படை குறையக் குறைய மிகுதியின் வலிமை வெளிப்படும். மூன்றாவது, ஈற்றாட்டங்களை அறிதல். அரசனும் ஒரு காலாளும் ஒரு பக்கம், தனி அரசன் மறு பக்கம் என நிற்கும் நிலையைப் பலர் ஆடத் தெரியாது சமநிலை ஆக்கிவிடுகின்றனர். தன் பக்கத்திலிருந்து எண்ணிய ஆறாம் வரிசையிலே, தன் காலாளுக்கு நேர் முன்னே அரசனை நிறுத்தினால், அக்காலாள் பலகையின் இரு ஓர நிரல்களில் ஒன்றில் இல்லாதவரை, நகர்த்தும் முறை எவருடையதாயினும் வெற்றி உறுதி. இவ்வொரு வாக்கியத்தை அறிந்தவனும் அறியாதவனும் மோதின் அரைப் புள்ளி இடம் மாறும்.

எமது அனுபவம் ஒன்றை இங்கே கூற இடந்தருக. பல்லாண்டுகளுக்கு முன் ஆங்கில நாட்டிலே வாழ்ந்த காலத்தில், ஒரு சிறு நகரின் வாரவிறுதிப் போட்டியிலே கீழ்ப்பிரிவில் ஆடினோம். ஞாயிறு காலை, நான்காம் சுற்று. எதிரே அமர்ந்தவர் புகையிரதத்தில் வேலை செய்து இளைப்பாறிய முதியவர். எமக்கு ஒரு மந்திரி மிகுதி. வெற்றி எமதே என எண்ணிக் குதிரையை நகர்த்தத் துணிந்த நாம், எண்ணமெங்கோ செல்ல, அருகிலிருந்த கோட்டையைப் பற்றிவிட்டோம். எதிராளி தேநீர் பெறுவதற்காக எழுந்து சென்றிருந்தார். நடுவர் மண்டபத்தின் மறுகோடியில் நின்றார். கண்டவர் எவருமிலர். கையை எடுத்துவிட்டுக் குதிரையை நகர்த்தினால் கேட்பாரில்லை. அந்தச் சில விநாடிகள் இன்றும் எமக்கு மறக்கவில்லை. கோட்டையையே நகர்த்தினோம். மந்திரி போயிற்று, நெஞ்சு தளர்ந்தது, பத்து நகர்த்தல்களுள் ஆட்டமும் போயிற்று.

பின்னர் ஆராயும் அறையில், கோட்டையை ஏன் நகர்த்தினீர் என அவர் வினவினார். நிகழ்ந்ததைச் சொன்னோம். அவர் தலையசைத்துவிட்டுப் புகழுரை எதுவும் கூறாது காய்களை மீண்டும் அடுக்கினார். கோட்டை நகர்ந்து மந்திரி போன பின்னரும் எமது நிலை அவர் நிலைக்குக் குறைந்ததன்று என்பதை நகர்த்திக் காட்டினார். சமநிலை கையெட்டும் தூரத்திலே இருந்தது. நாம் தோற்றது கோட்டையைத் தொட்டதனாலன்று. தொட்டபின் மனமுடைந்து, எண்ணாது ஆடியதனாலே. அவர் காட்டியிராவிடின், நேர்மையாக நடந்ததன் பயன் தோல்வியே என்று எண்ணி நாம் வீடு சென்றிருப்போம். அன்று பிற்பகல் ஐந்தாம் சுற்றிலே, எம்மைப் போலவே ஒரேயொரு புள்ளி பெற்றிருந்த ஒருவரை வென்றோம். ஐந்தில் இரண்டு புள்ளி. பரிசில்லை. ஆயினும் தோற்றவரைத் துரத்தாத போட்டியாதலால், காலையிற் கற்ற பாடத்தை மாலையிலே பயன்படுத்தும் வாய்ப்புக் கிடைத்தது.

இரு களங்கங்கள்

நன்மை உள்ளவிடத்துத் தீமையும் நுழைதல் இயல்பு. அமெரிக்காவின் பெரும் போட்டிகள் சிலவற்றிலே கீழ்ப்பிரிவுகளுக்கும் ஆயிரக்கணக்கான டொலர் பரிசு வழங்குவர். அப்பரிசில் விருப்புற்ற சிலர் சிறு போட்டிகளில் வேண்டுமென்றே தோற்றுத் தம் எண்ணைத் தாழ்த்திக்கொண்டு, தமக்குரியதல்லாத பிரிவில் நுழைந்து எளியோரை வெல்வர். இதனைத் தடுக்க அந்நாட்டுச் சம்மேளனம் ஒரு விதி செய்தது. ஒருவர் அடைந்த மிக உயர்ந்த எண்ணிலிருந்து 200 ஐக் கழித்து, எஞ்சியதை நூற்றின் மடங்காகக் கீழ்நோக்கிக் குறைத்தால் வருவது அவருக்குத் தளமாகும். எத்தனை முறை தோற்றாலும் அதன் கீழ் அவர் எண் இறங்காது. 1941 வரை உயர்ந்தவருக்கு 1700 தளம். விதி ஓரளவு காக்கும். ஆனால், வெல்லும் ஆட்டத்தை விலைக்குத் தோற்பவன் தன் அறிவையே விற்கின்றான் என்பதை எந்த விதியும் அவனுக்கு உணர்த்தாது.

இதன் மறுபுறமாகிய களங்கம் இன்னும் பரந்தது. சிலர் அரிதின் முயன்று பெற்ற எண் குறைந்துவிடுமோ என அஞ்சி ஆடாதே இருந்துவிடுகின்றனர். இளம் பிள்ளைகளின் எண் சிறிது இறங்கியதும் அவர்களைக் கடிந்து கூறும் பெற்றோரும் உளர். எண்ணைத் தாழ்த்தத் தோற்பவனும், எண்ணைக் காக்க ஆடாதவனும் ஒரே பிழையையே செய்கின்றனர். இருவரும் கண்ணாடியில் தெரியும் உருவைத் திருத்த முயல்கின்றனர். முகத்தைக் கழுவ எண்ணுகின்றாரில்லை.

எம் கல்லூரிக்கு ஒரு விண்ணப்பம்

தமிழர் இத்துறையிலே அடைந்த உயர்ச்சியை இங்கு நினைவுகூர்தல் தகும். 1961 ஆம் ஆண்டில் மானுவேல் ஆரோன் இந்தியாவின் முதலாவது சர்வதேச மாஸ்ரர் ஆனார். 1988 இல் விசுவநாதன் ஆனந்த் அந்நாட்டின் முதலாவது கிராண்ட் மாஸ்ரர் ஆனார். பின்னர் உலக வீரருமானார். 2022 ஆம் ஆண்டில் உலகச் சதுரங்க ஒலிம்பியாட் சென்னையை அடுத்த மாமல்லபுரத்திலே நடைபெற்றது. 2024 டிசெம்பரில் சிங்கப்பூரிலே சென்னை இளைஞர் குகேஷ் பதினெட்டு வயதில் உலக வீரரானார். இவர்கள் எவரும் பிறக்கும்போதே உயர்ந்த எண்ணுடன் பிறந்தாரல்லர். ஒவ்வொருவருக்கும் ஒரு முதற் போட்டி இருந்தது. ஒரு முதல் தோல்வியும் இருந்தது.

எமது கல்லூரியிலும் இத்தகைய போட்டியொன்றை நடத்துதல் அரிதன்று. பதினாறு மாணவர் சேர்ந்தாற் போதும்; நான்கு சுற்றுக்கள்; சனிக்கிழமைக்கு இரண்டாக இரு சனிக்கிழமைகளில் முடித்துவிடலாம். முன் கூறிய கணக்கின்படி நான்கு புள்ளி பெறுபவர் ஒருவர், மூன்று பெறுவோர் நால்வர், இரண்டு பெறுவோர் அறுவர், ஒன்று பெறுவோர் நால்வர், ஒன்றும் பெறாதவர் ஒருவர் என வரும். மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு அட்டை எழுதி, எதிரியின் பெயரையும், காயின் நிறத்தையும், பெற்ற புள்ளியையும் அதிற் குறித்துவந்தாற் கணிதம் கற்ற ஆசிரியர் ஒருவர் அரை மணித்தியாலத்திற் சோடிகளை அமைத்துவிடுவார். அமைத்துப் பார்த்தலே மேல்வகுப்பு மாணவருக்கு நல்லதொரு கணிதப் பயிற்சியாகும். புதியோருக்குத் தனிப் பிரிவும், அதற்குத் தனிப் பரிசும் இருத்தல் வேண்டும். ஆட்டம் முடிந்ததும் இருவரும் சேர்ந்து ஆராய்வதற்கு ஒரு வகுப்பறையை ஒதுக்குதலை மறத்தலாகாது. அஃதின்றேல் போட்டி பாதியே.

பழைய மாணவராகிய அன்பர்களிடத்தும் ஒன்று கேட்கின்றோம். வெற்றிக் கிண்ணம் ஒன்று வாங்கி அளிப்பது எளிது. அதனைப் பெறுபவன் ஒருவனே. அப்பணத்துக்குச் சில கடிகாரங்களும் பலகைகளும் வாங்கி அளித்தால் பதினாறு பேரும் ஆடுவர். அடுத்த ஆண்டும் ஆடுவர். இயலுமாயின் ஒரு சனிக்கிழமை தாமும் வந்து, கீழ்ப்பிரிவு மாணவன் ஒருவன் முன்னே அமர்ந்து ஆடுக. தோற்றாற் கைகுலுக்கி அவன் வென்ற வழியைக் கேட்டறிக. வென்றால், அவன் எங்கே வழுவினான் என்பதைக் காய்களை அடுக்கிக் காட்டுக.

இன்று விழாக் கொண்டாடும் இக்கல்லூரியிலே பரிசு மேடை ஏறியோர் சிலர். ஏறாது கற்றுச் சென்றோர் பலர். அப்பலரையும் தன் மக்களெனக் கொண்டதனாலேயே கல்லூரி நிலைத்தது. வாரவிறுதிச் சதுரங்கமும் அத்தகையதே. முதலாட்டத்திலே தோற்ற பிள்ளைக்கு அது கூறுவது ஒன்றுதான்: பலகையை மீண்டும் அடுக்கு, அடுத்த சுற்றிலே உனக்கு நிகரான ஒருவன் காத்திருக்கின்றான்.